"அகற்றப்பட்டது" என்று போன் சொன்னால் போதுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, நம் பகுதியைச் சேர்ந்த ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மூத்த மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கையில் போனும் வங்கிப் பாஸ்புக்கும் இருந்தன. மகனின் செமஸ்டர் கட்டணத்துக்காகக் கணவர் அனுப்பிய 27,500 ரூபாய் சனிக்கிழமை கணக்கில் ஏறியது. அன்று இரவே இரண்டு முறையாக யாரோ எடுத்துவிட்டார்கள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன், உறவினர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது. "வங்கிக் கணக்கு விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் இன்று இரவு கணக்கு முடக்கப்படும்" என்று கூடவே ஒரு செய்தி. தெரிந்தவர் எண்தானே என்று ஃபைலைத் திறந்து, போன் கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்து, ஏ.டி.எம். அட்டை எண், அதன் காலாவதித் தேதி, பிறந்த தேதி எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறார்கள். "சர்வர் வேலை செய்யவில்லை, பிறகு முயலவும்" என்று காட்டிவிட்டு அது மூடிக்கொண்டது. கணக்கில் அப்போது பணம் ஒன்றும் பெரிதாக இல்லை.

மறுநாள் காலை போனில் ஓர் அறிவிப்பு: தீங்கான செயலி ஒன்று அகற்றப்பட்டது. மகன் அதைப் பார்த்துவிட்டு, "கூகுளே எடுத்துருச்சும்மா, இனிப் பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையில் வங்கிக்கும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை.

அந்தச் சகோதரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அதுதான் எடுத்தாச்சுன்னு போன்லயே வந்துச்சுங்களே பாய், அப்புறம் எப்படிங்க பணம் போகும்?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் மஹல்லாவில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் கேட்டும், நானே படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சுருக்கம் இதுதான்: கெட்ட செயலியைத் தூரத்திலிருந்தே அழிக்கும் வசதி உண்மையிலேயே இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் அது செயலியை மட்டும்தான் அழிக்கும். அந்தச் செயலி ஏற்கெனவே எடுத்துப்போனதைத் திருப்பிக் கொண்டுவராது. அந்த வேலையை நாம்தான், அதுவும் உடனே, செய்ய வேண்டும்.

தூரத்திலிருந்து அழிப்பது எப்படி?

கடையில் வாங்கிய பொருள் கெட்டது என்று பிறகு தெரிந்தால், கடைக்காரர் சொல்லி அனுப்புவார். நாம் திருப்பிக் கொடுப்போம். செயலிக் கடைக்காரரோ நம் வீட்டுக்குள் வந்து, நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொருளை எடுத்துப்போக முடியும். ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளுக்கும், ஐபோன்களில் ஆப்பிளுக்கும் அந்த அதிகாரம் உண்டு.

இது புதிதல்ல. ஐபோனில் இப்படி ஒரு வசதி இருப்பது 2008-ல் வெளியே தெரிந்தபோது, ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை ஒப்புக்கொண்டார். கெட்ட செயலி ஏதாவது கடைக்குள் நுழைந்துவிட்டால் பிடிக்க ஒரு பிடி வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கூகுள் முதன்முதலில் இதைப் பயன்படுத்தியது 2010 ஜூனில். ஜான் ஓபர்ஹைட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சோதனைக்காக வெளியிட்டிருந்த இரண்டு செயலிகளைப் போன்களிலிருந்து தானே அழித்தது.

பெரிய அளவில் நடந்தது 2011 மார்ச்சில். "டிராய்ட்ட்ரீம்" என்று பெயரிடப்பட்ட திருட்டு நிரல், ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் ஒளிந்து கூகுளின் கடையிலேயே இருந்தது. சுமார் 2,60,000 போன்களுக்குள் அது போய்விட்டது. கூகுள் அந்தச் செயலிகளைக் கடையிலிருந்து எடுத்தது. போன்களிலிருந்தும் தூரத்திலிருந்தே அழித்தது. அதோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட போன்களுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு நிரலையும் அனுப்பியது. ஏனென்றால் அந்தத் திருட்டு நிரல் போனின் அடித்தளம் வரை புகுந்து பூட்டை உடைத்திருந்தது. திருடனை வெளியேற்றினால் மட்டும் போதாது, உடைந்த பூட்டையும் மாற்ற வேண்டும் என்று கூகுளுக்கே தெரிந்திருந்தது. நம் சகோதரியின் கேள்விக்கான பதிலின் பாதி இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது.

இன்று இந்த வேலையைச் செய்வது "ப்ளே புரொடெக்ட்". 2017 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் இந்தப் பெயரில் இருக்கிறது. கூகுள் கடையில் எடுத்த செயலிகளை மட்டுமல்ல, வாட்ஸ்அப்பில் வந்து நாம் ஏற்றிக்கொண்டவற்றையும் அது சோதிக்கிறது. கெட்டது என்று கண்டால் மூன்றில் ஒன்றைச் செய்யும்: நீங்களே அழியுங்கள் என்று எச்சரிக்கும், அல்லது அந்தச் செயலியை இயங்கவிடாமல் நிறுத்தி வைக்கும், அல்லது தானே அழித்துவிட்டு அறிவிப்புத் தரும். ஆகவே அறிவிப்பு வந்தால் அது எந்த வகை என்று முழுதாகப் படியுங்கள். எச்சரிக்கை மட்டும் வந்திருக்க, அழித்தாகிவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

இந்த அதிகாரம் தவறாகவும் போகலாம். 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, மக்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெலின் நூல்களை அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து சொல்லாமல் அழித்தது. எதிர்ப்பு வந்ததும் நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். பிறர் கையில் இருக்கும் இந்தச் சாவி நமக்கு உதவலாம். நம் போனுக்குக் காவல் நாம்தான்.

நான்கு சொற்கள், நான்கு பொருள்

"அந்த செயலியைத் தூக்கிட்டாங்க" என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் நான்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, அரசின் தடை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் தடை செய்தது. அரசு யார் போனுக்குள்ளும் புகுந்து எதையும் அழிக்கவில்லை. கடையிலிருந்து செயலி போனது. இணைய நிறுவனங்கள் அதன் தொடர்பை மறித்தன. போனில் இருந்த டிக்டாக் வேலை செய்யாமல் அப்படியே கிடந்தது.

இரண்டு, கடையிலிருந்து நீக்கம். இனிப் புதிதாக யாரும் எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்தவர் போனில் அது தொடர்ந்து இருக்கலாம்.

மூன்று, முடக்கம். செயலி போனில் இருக்கிறது, இயங்காது.

நான்கு, போனிலிருந்தே அழிப்பது. இதைத்தான் தூரத்திலிருந்து அழிப்பது என்கிறோம்.

செய்தித்தாளில் "கூகுள் நீக்கியது" என்று படிக்கும்போது, பெரும்பாலும் அது இரண்டாவது வகைதான். உங்கள் போனில் இருப்பது தானாகப் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பெயரைத் தேடிப் பார்த்து, இருந்தால் நீங்களே அழித்துவிடுங்கள்.

தொழுகை நேரச் செயலிகளில் நடந்தது

நம் எல்லோர் போனிலும் தொழுகை நேரம் காட்டவோ, கிப்லா திசை காட்டவோ ஒரு செயலி இருக்கும். 2022 ஏப்ரல் மாதம், ரமலான் தொடங்கியிருந்த நேரத்தில், அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. சில தொழுகைச் செயலிகள், ஒரு கியூஆர் கோடு படிக்கும் செயலி, சாலையில் வேகக் கண்காணிப்பைக் காட்டும் ஒரு செயலி என்று பலவற்றுக்குள் ஒரே மாதிரியான ஒரு நிரல் துண்டு இருந்தது. பனாமாவில் பதிவான ஒரு நிறுவனம், செயலி தயாரிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து அதை உள்ளே வைக்கச் செய்திருந்தது. அந்த நிறுவனத்துக்கு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தோடு தொடர்பு இருப்பதாகவும் அந்தச் செய்தி சொன்னது. இருக்கும் இடம், மின்னஞ்சல், போன் எண், அருகிலுள்ள கருவிகள் ஆகிய விவரங்களை அந்த நிரல் சேகரித்தது. அந்தத் தொழுகைச் செயலிகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டதும் இருந்தது. செர்ஜ் எகல்மன், ஜோயல் ரியர்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள்.

கூகுள் அந்த ஆண்டு மார்ச் 25 அன்று அவற்றைக் கடையிலிருந்து எடுத்தது. அந்த நிரலை நீக்கிவிட்டால் திரும்ப வரலாம் என்றும் சொன்னது. சில திருத்தப்பட்டுத் திரும்பியும் வந்தன. அதனால்தான் இங்கே பெயர்களைக் குறிப்பிடவில்லை.

இதில் பணம் போகவில்லை. யார் எந்தப் பள்ளிவாசலுக்கு எத்தனை மணிக்குப் போகிறார் என்பது போகக்கூடியதாக இருந்தது. கடையிலிருந்து எடுத்துவிட்டதால், அதற்கு முன் சேகரிக்கப்பட்டது எதுவும் திரும்பி வந்துவிடவில்லை. தொழுகை நேரம் காட்டும் செயலிக்கு நம் தொடர்பு எண்களும் எஸ்.எம்.எஸ்.களும் தேவையில்லை. இடம் தெரிய வேண்டுமென்றால் ஊர்ப் பெயரைக் கையால் "கோயம்புத்தூர்" என்று போட்டுக்கொள்ளலாம். இன்றே அந்த அனுமதிகளைத் திறந்து பாருங்கள்.

கடன் செயலிகள்

அடுத்தது, வீடுகளில் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். ஐயாயிரம், பத்தாயிரம் அவசரத்துக்கு, யாருக்கும் தெரியாமல் போனிலேயே கடன் என்று விளம்பரம் வரும். அதில் உள்ள வட்டி மார்க்கத்தில் ஆகாதது என்பது ஒருபுறம். அந்தச் செயலி போனில் ஏறும்போதே தொடர்பு எண்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். பிறகு தவணை தவறினால் மாமியார் வீடு, முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகி என்று எல்லோருக்கும் அழைப்பு போகும்.

2021-ல் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, ஆண்ட்ராய்டு செயலிக் கடைகளில் சுமார் 1,100 கடன் செயலிகளைக் கண்டு, அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்று அறிக்கை தந்தது. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து எடுத்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தனிக்கடன் தரும் செயலிகள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் தொடக்கூடாது என்று 2023 மே 31 முதல் கூகுள் விதியும் கொண்டுவந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் மிரட்டல் அழைப்பு நிற்காதது ஏன்? செயலி போனில் இருந்தபோதே உங்கள் எண்கள் வேறொரு கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. செயலியைக் கடையிலிருந்து எடுத்தாலும், போனிலிருந்து அழித்தாலும், அந்தக் கணினியில் உள்ள பட்டியல் அழிவதில்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு இன்னொரு செயலியில் கடன் வாங்கி முதல் கடனை அடைக்கப் பார்க்கிறார்கள்; தயவுசெய்து வேண்டாம். மிரட்டலின் ஆதாரங்களை எடுத்துவைத்துப் புகார் கொடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உண்மையை நாமே சொல்லிவிட்டால் மிரட்டுகிறவன் கையில் ஒன்றும் இல்லை.

சகோதரியின் பணம் எப்படிப் போனது?

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். திருட்டுச் செயலி போனில் இருந்தது ஓர் இரவு மட்டும். அந்த ஓர் இரவில் என்னென்ன நடந்திருக்க முடியும்?

முதலாவது, அட்டை எண்ணும் தேதியும் நிரப்பிய அந்த நிமிடமே திருடனிடம் போய்விட்டன.

இரண்டாவது, எஸ்.எம்.எஸ். படிக்கும் அனுமதி கொடுத்திருந்ததால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கும் போனது.

மூன்றாவது, யு.பி.ஐ. ஒரு புதிய போனில் பதிவாக வேண்டுமென்றால், உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். போக வேண்டும். எஸ்.எம்.எஸ். அனுப்பும் அனுமதியும் பெற்ற செயலி, உங்களுக்குத் தெரியாமலே அதை அனுப்பிவிடும். அட்டை விவரமும் ஓ.டி.பி.யும் கையில் இருப்பதால் ரகசிய எண்ணையும் அவனே வைத்துக்கொள்வான். அப்போது உங்கள் கணக்குக்கு இரண்டு சாவி. ஒன்று உங்களிடம், இன்னொன்று அவன் போனில்.

மறுநாள் காலை ப்ளே புரொடெக்ட் செயலியை அழித்தது. அவன் போனில் இருந்த சாவியை அது அழிக்க முடியாது. அது வேறொருவர் போன். அவன் காத்திருந்தான். சனிக்கிழமை பணம் ஏறியது, எடுத்துக்கொண்டான். வங்கியிடம் சொல்லிக் கணக்கை முடக்கியிருந்தால் அந்தச் சாவி அன்றே பயனில்லாமல் போயிருக்கும். அதற்கு நான்கு முழு நாட்கள் அவகாசம் இருந்தது. "அகற்றப்பட்டது" என்ற ஒரு சொல்லை நம்பி அந்த நான்கு நாட்களையும் விட்டுவிட்டோம்.

இதே வகை மோசடி குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு 2024-ல் எச்சரித்திருக்கிறது. விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்தின் பெயரில் ஒரு செயலி, கைப்பற்றப்பட்ட வாட்ஸ்அப் கணக்குகள் வழியே குழுக்களில் பரவியது. எஸ்.எம்.எஸ்.களைப் பிடித்து யு.பி.ஐ. வழியே பணம் எடுத்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பது அத்தாட்சி ஆகாது. அவரும் ஏமாந்தவராக இருக்கலாம்.

தவறு நடந்துவிட்டால் எந்த வரிசையில் செய்வது?

நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். முதலில் செயலியை அழிக்கிறோம், அக்கம்பக்கம் கேட்கிறோம், கடைசியில் வங்கிக்குப் போகிறோம். இந்த வரிசையை மாற்றுங்கள்.

1. அந்தப் போனை உடனே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இணையமும் சிம் தொடர்பும் இல்லாவிட்டால் அது எதையும் அனுப்ப முடியாது.

2. வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்து அட்டை, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை அட்டையின் பின்பக்கமோ பாஸ்புக்கிலோ பாருங்கள். இணையத்தில் தேடாதீர்கள், அங்கே போலி எண்களும் இருக்கின்றன. பணம் இன்னும் போகவில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

3. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், கோவை மாநகரச் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

4. எதையும் அழிக்கும் முன், வந்த செய்தி, ஃபைலின் பெயர், அனுப்பிய எண், போன் தந்த அறிவிப்பு எல்லாவற்றையும் இன்னொரு போனில் படம் எடுங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

5. இப்போது செயலி. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், தெரியாத பெயர் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அந்தப் பொத்தான் வேலை செய்யாவிட்டால், செயலி "டிவைஸ் அட்மின்" அல்லது "அக்சஸிபிலிட்டி" அனுமதி வாங்கியிருக்கும். முதலில் அவற்றை நிறுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் போனை "சேஃப் மோடில்" திறந்து அழிக்கலாம். அந்த நிலையில் நாம் ஏற்றிய செயலிகள் இயங்காது. பிறகு ப்ளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ப்ளே புரொடெக்டில் ஸ்கேன் கொடுங்கள். இணையம் வேண்டியிருப்பதால் இதற்கு மட்டும் வைஃபையை இயக்குங்கள். மத்திய அரசின் "சைபர் சுவச்சதா கேந்திரா" 2017 முதல் இலவசமாகவே இத்தகைய கருவிகளைத் தருகிறது.

6. திறந்துவிட்ட கதவுகளை மூடுங்கள். ##002# என்று டயல் செய்தால், உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கிலும் அப்படியே பாருங்கள்.

7. கடவுச்சொற்களையும் ரகசிய எண்களையும் நல்ல போனிலிருந்து மாற்றுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால், புகைப்படங்களை எடுத்துவைத்துவிட்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவது நல்லது.

வங்கிக்குச் சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வெளியே நடந்தது என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. நீங்களே விவரங்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு; தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பு. ஆகவே நம் தவறு என்று கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவதில் இரட்டை நஷ்டம். புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

"நாங்களே தூரத்திலிருந்து எடுத்துத் தருகிறோம்"

இந்த வசதியின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் இங்கிருந்தே எடுத்து விடுகிறோம், இந்த ஒரு செயலியை மட்டும் ஏற்றி அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்பார்கள். போன் திரையை இன்னொருவர் பார்த்து இயக்க உதவும் செயலி அது. எனிடெஸ்க் போன்ற செயலிகளை வைத்து இப்படிப் பணம் எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அந்தச் செயலிகள் அலுவலக வேலைக்கு உண்டானவை. முன்பின் தெரியாதவருக்கு அந்த எண்ணைக் கொடுப்பதுதான் ஆபத்து.

கூகுளோ ஆப்பிளோ கெட்ட செயலியை அழிக்கும்போது உங்களை அழைக்காது, எண் கேட்காது, பணம் கேட்காது, வேறொரு செயலியை ஏற்றச் சொல்லாது. யாராவது அழைத்து இதைச் செய்கிறேன் என்றால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். "ப்ளே புரொடெக்டைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்" என்று சொன்னால் அவன் திருடன் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நம் குடும்பங்களில் அத்தாவோ மகனோ வளைகுடாவில் இருப்பார், போன் அம்மாவிடம் இருக்கும். தூரத்தில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? இரண்டு போனிலும் ஒரே கூகுள் கணக்கு இருந்தால், ப்ளே ஸ்டோரில் செயலிகளை நிர்வகிக்கும் பகுதியில் இன்னொரு போனைத் தேர்ந்தெடுத்து அதிலுள்ள செயலியை அழிக்கலாம். ஆனால் அந்தப் போனில் இணையம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் வழியே ஏறியது அதில் சிக்காது. பிள்ளைகளின் போனில் "ஃபேமிலி லிங்க்" வைத்திருந்தால், பெற்றோர் தம் போனிலிருந்தே ஒரு செயலியை மறிக்கலாம். போனே தொலைந்துவிட்டால் "ஃபைண்ட் ஹப்" மூலம் அதைப் பூட்டலாம், முழுதாக அழிக்கவும் செய்யலாம். முழுதாக அழித்துவிட்டால் அதன்பின் போன் இருக்கும் இடம் தெரியாது என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட எளியது, வராமல் தடுப்பது. ஏ.பி.கே. என்று முடியும் ஃபைல் வாட்ஸ்அப்பில் வந்தால், கல்யாணப் பத்திரிகை என்றாலும், வாகன அபராதம் என்றாலும், வங்கி என்றாலும், திறக்காதீர்கள். பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், செயலியாக வராது. போன் செட்டிங்ஸில் "தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி" வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் இருந்தால் இன்றே அணையுங்கள். இப்படி வரும் செயலிகள் எஸ்.எம்.எஸ்., அறிவிப்புகள், அக்சஸிபிலிட்டி அனுமதிகளைக் கேட்டால் தானாகத் தடுக்கும் முறையை இந்தியாவில் கொண்டுவருவதாக 2024 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. அது ஒரு காவல் மட்டுமே. அனுமதி கொடுக்கும் விரல் நம்முடையது.

மகல்லா குழுக்களை நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுவில் அப்படி ஒரு ஃபைல் வந்தால் நிர்வாகி உடனே அனைவருக்கும் அழித்துவிட வேண்டும். ஆனால் அதற்குள் யாரேனும் திறந்திருப்பார். அதனால் அழித்ததோடு நிற்காமல், "இதைத் திறந்தவர் யாராவது இருந்தால் என்னைத் தனியாக அழையுங்கள், வெட்கப்பட வேண்டாம்" என்று ஒரு குரல் பதிவும் போடுங்கள். எழுதுவதைப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

அந்தச் சகோதரியோடு அன்றே உட்கார்ந்து 1930-க்கு அழைத்தோம். பணத்தில் ஒரு பகுதி மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இன்னும் கைக்கு வரவில்லை. மகனின் கட்டணத்தைக் கல்லூரியில் பேசித் தவணையாகக் கட்ட ஏற்பாடானது. அவன் இப்போது, அம்மா போனில் எந்த அறிவிப்பு வந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பேசுகிறான்.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பணமும், நம் போனில் உள்ள பிறர் எண்களும் அமானிதம். அவை நம் போனுக்குள் இருப்பதால் போனையும் அப்படியே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகத் தமிழ் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, வாசித்துக் காட்டுங்கள். 1930 என்ற எண்ணைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.

— செயலாளர்